அரை நூல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நடந்த சிறியதொரு கைவினை மிதிவண்டிக் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். அவர் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஓர் இரும்புச் சட்டி, காற்றடிக்கும் பம்பு, உத்தரத்தில் தொங்கும் பழைய டயர்கள். பெயர்ப்பலகை கிடையாது. அதிகாலைப் பேருந்தில் வந்திறங்கியவர், கண்காட்சி என்றதும் பொருட்காட்சி என்று எண்ணிக்கொண்டு, அம்மாவுக்கு ஏதேனும் வாங்கலாமா என்று கேட்டார்.

அழைத்துச் சென்றதில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. என் ஆய்வேட்டில் கைத்தொழிலாளரின் சொற்களைப் பற்றிய இயல் ஒன்று எட்டு மாதங்களாக முடியாமல் கிடக்கிறது. ‘மெக்கானிக்’ என்று நாம் அழைப்பவர் உண்மையில் ஆக்குநர், அவருடைய சொற்களே அதற்குச் சான்று என்பது அவ்வியலின் வாதம். பெங்களூரின் நவீன மிதிவண்டி ஆக்குநர்கள் நடுவே அப்பாவை நிறுத்தி, அவரும் அவர்களுள் ஒருவரே என்று எழுதி முடித்துவிட எண்ணியிருந்தேன். அப்படி ஒரு முடிவு கிடைக்கவில்லை. கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். இயலில் இதற்கு இடமிருக்குமா என்பதை நெறியாளர்தாம் சொல்ல வேண்டும்.

கூடத்தில் ஏறத்தாழ ஒரு டஜன் வண்டிகள் இருந்தன. பெரும்பாலானவை எஃகு, இரண்டு மூங்கில். செய்தவர்களில் பலர் பொறியாளர்கள். வாரநாட்களில் மென்பொருள், வாரஇறுதியில் தீயும் அரமும். ஒருவர் மட்டும் முழுநேரமும் இதையே செய்பவர். பீன்யா தொழிற்பேட்டையில் பிறருடைய பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு வண்டியின் அருகிலும் ஓர் அட்டை: செய்தவர் பெயர், குழாயின் வகை, கோணங்கள், யாருடைய உடலுக்காகச் செய்யப்பட்டது என்ற விவரம். அந்தக் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. ஒரு மிதிவண்டிக்கு அருகே ஒரு மனிதரின் உயரமும் கால் நீளமும் கை நீளமும் எழுதப்பட்டிருந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

இத்தொழிலுக்கு வெளிநாடுகளில் நீண்ட மரபு உண்டு. மிலான் நகரின் விகொரெல்லி பந்தயத் தடத்துக்கு அடியிலேயே ஃபலியேரோ மாசியின் பட்டறை இருந்தது. பாரிசில் ரெனே ஹெர்ஸ் நெடும்பயண வண்டிகளைச் சட்டம் முதல் சுமைதாங்கி வரை ஒரே கைத்திறனில் செய்தார். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றும் பெரும்பாலும் எஃகுச் சட்டங்களே ஓடுகின்றன; அவற்றைச் செய்வோருக்கு முறையான அங்கீகாரம் வேண்டும். இத்தகைய ஆக்குநரை ஒன்றுகூட்டிய கண்காட்சிகளில் இரண்டு பெயர்பெற்றவை: டான் வாக்கர் 2005-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்கியது ஒன்று, 2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய ‘பெஸ்போக்டு’ மற்றொன்று. பெங்களூரில் நாங்கள் கண்டதை அவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. நுழைவாயிலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அப்பா தயங்கி நிற்கும் அளவுக்கு வீட்டுத்தன்மை கொண்ட இடம் அது.

நம் நாட்டில் இந்த மரபு ஏன் வேர்விடவில்லை என்ற வினாவுக்கு ஒரு பகுதி விடை எளிது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நமக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இலும், சோனிபத்தில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் தோன்றின. வீட்டுக்கு ஒரு வண்டி என்பதே கனவாக இருந்த நாட்டில், உடலுக்கு ஒரு வண்டி என்று யாரும் கேட்டிருக்க முடியாது. அப்பாவின் கடையில் ‘22 இன்ச்சா, 24 இன்ச்சா’ என்பது ஒன்றே அளவைப் பற்றிய வினா. சட்டத்தின் உயரத்தைக் குறிக்கும் எண்கள் அவை. அவ்விரண்டு எண்களுக்குள் ஊரிலுள்ள உடல்கள் அனைத்தும் அடங்கியாக வேண்டும்.

அடங்காத உடல்கள் என்ன செய்தன? ‘குரங்கு பெடல்’ என்ற சொல் அதற்கு விடை. இருக்கைக்குக் கால் எட்டாத பிள்ளை, பாருக்கு அடியிலுள்ள முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு மிதிப்பது. வண்டி உடலுக்குப் பொருந்தாதபோது உடல் வண்டிக்குப் பொருந்திக்கொள்ளும் அந்தச் செயலுக்கு நம் மக்கள் இரண்டே சொற்களில் பெயரிட்டுவிட்டார்கள். நான் ஓட்டக் கற்றதும் அவ்வாறே, அப்பாவின் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வண்டியில், வாடிக்கையாளர் வராத மதிய வேளைகளில்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்த வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். அதை நேரில் கண்டு எழுதிய பி. சாய்நாத் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பெண்களுக்கான வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவர்கள் ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் பின்னர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன்புறப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஆணின் உடலைக் கருதி வைத்த குழாய், ஒரு தாயின் கைக்கு வந்ததும் குழந்தையின் இருக்கையாகிவிட்டது. வடிவமைப்பு பற்றிய கருத்தரங்குகளில் இச்செய்தியை நான் இரண்டு முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் அரங்கில் மகிழ்ச்சியான சலசலப்பு எழுந்தது. ஆனால் அந்தப் பெண்கள் அதற்குமுன் எத்தனை நாள் அந்தப் பாரைத் தாண்டி ஏறத் தடுமாறி விழுந்திருப்பார்கள் என்பதை நான் சொன்னதில்லை.

கண்காட்சிக்குத் திரும்புகிறேன். பீன்யாக்காரர் வண்ணம் பூசாத சட்டம் ஒன்றை ஒரு தாங்கியில் நிறுத்தி, அது எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். குழாயை நேராக அறுத்து மற்றொரு குழாயின்மேல் வைத்தால் இடைவெளி விழும். ஆகவே அதன் வாயை மற்றதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்து அறுக்க வேண்டும். ஒளி புகாத அளவுக்கு இரண்டும் பொருந்திய பின்னரே தீ. எஃகு உருகாது, அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பித்தளை இணைப்பில் பாய்ந்து இறுகும். சூடு குறைந்தால் பித்தளை உருண்டு நிற்கும், ஒட்டாது. மிகுந்தால் மெல்லிய குழாய் பாழ். எரிநிலையை எஃகின் நிறத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்றார். பித்தளை பாய்வதற்கு முன்னே பூசும் பொடியைக் காட்டினார். அதில் போராக்ஸ் உண்டு என்றார். நம் ஊரில் அது வெண்காரம். பொற்கொல்லர் பட்டறையில் எல்லோரும் பார்த்தது.

மொழியியல் படித்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது: பற்றாசு. இரு உலோகத் துண்டுகளை இணைப்பதற்கு இடையில் வைக்கும் பொருள். யாப்பிலக்கணத்தார் இச்சொல்லைத் தட்டானிடமிருந்து கடன்பெற்றார்கள். நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பொருந்தாதபோது ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பதை ‘ஆசு’ என்றார்கள். பற்றவைத்தலோடு ஒப்பிட்டு உரையாசிரியர்கள் அதை விளக்கினார்கள். இலக்கண வகுப்பில் பல ஆண்டுகள் இதைப் படித்தும் பாடம் நடத்தியும் இருக்கிறேன். பற்றாசு உருகி, ஒரு கோட்டைப்போல் குழாயைச் சுற்றி ஓடி இறுகியதன் தடத்தை அன்றுதான் விரலால் தொட்டேன். (பொடிவைத்துப் பேசுதல் என்ற வழக்கையும் தட்டானின் பற்றுப்பொடியோடு இணைத்துச் சொல்வதுண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

உற்சாகம் மிகுந்து நான் அவரிடம் சொற்களைக் கேட்கத் தொடங்கினேன். கன்னடத்தில் இதற்கு என்ன, அதற்கு என்ன என்று. அவரிடம் ஆங்கிலச் சொற்களே இருந்தன. யூடியூபில் கற்றவருக்கு வேறு எவ்வாறு இருக்கும்? அப்பாவிடமோ ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று தின்று வளர்ந்த ஓர் அகராதி உண்டு. வால்வுக் குழாய் அவருக்கு ‘வால்டியூப்’. பிரேக்கின் ரப்பர்த் துண்டு ‘பிரேக் கட்டை’. வண்டியை முழுதும் கழற்றிச் சீர்செய்யும் ஓவர்ஹால் ‘ஓவராயில்’ ஆயிற்று, எண்ணெய் போடாமல் அந்த வேலை நிறைவுறாது என்பதால். நாட்டார் சொற்பிறப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை. சக்கரம் ஆடினால் அதை நேராக்குவது ‘கோட்டம் எடுத்தல்’. கோட்டம் என்றால் வளைவு, கோணல். எந்தக் கடன்சொல்லும் இடம்பிடிக்க முடியாத பழஞ்சொல் அது, கிரீஸ் படிந்த கைகளில் இன்னும் புழங்குகிறது.

நான் இவ்வாறு சொற்களில் திளைத்துக்கொண்டிருக்க, அப்பா அந்தச் சட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, பின்னாலிருந்து பார்த்தார். பிறகு குனிந்து முன்னாலிருந்து.

“நூல் இருக்குமா?” என்றார் என்னிடம்.

பீன்யாக்காரருக்குத் தமிழ் ஓரளவு புரிந்தது. அட்டைகளைக் கட்டியதில் மீந்த நூல்கண்டை எடுத்துத் தந்தார். “தொகோளி, யஜமான்ரே” என்றார் மரியாதையாக.

அப்பா நூலின் ஒரு முனையைப் பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒருபுறம் கட்டினார். முன்னே கொண்டுசென்று, ஹேண்டில்பார் நிற்கும் குழாயைச் சுற்றி, மறுபுறமாகத் திரும்பக் கொண்டுவந்து, மற்றொரு முனையை இழுத்துக் கட்டினார். இப்போது சட்டத்தின் இருபுறமும் இரண்டு நேர்கோடுகள். நடுவே இருக்கைக் குழாய். அந்தக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். நுழைவுச்சீட்டை மடித்து, ஒருபுறத்து இடைவெளியை நகத்தால் கீறிக் குறித்தார். மறுபுறம் வைத்துப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை.

“அரை நூல் இடப்பக்கம் வாங்குது.”

தச்சரும் மெக்கானிக்கும் சொல்லும் நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் என்றால் பதினாறில் ஒரு பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர். எனக்கு முகம் சிவந்தது. காட்சிக்கு வைத்த பொருளில் குறை சொல்வதா என்று அவர் சட்டையை லேசாக இழுத்தேன். பீன்யாக்காரர் மேசைக்கு அடியிலிருந்து அளவுகோல் பொருத்திய கருவி ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். “நிஜ” என்றார். பற்றவைக்கும்போது சூடு ஒருபுறம் இழுத்துவிட்டது, இன்னும் நேராக்கவில்லை, அதனால்தான் வண்ணம் பூசாமல் வைத்திருக்கிறேன் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்து, அன்று காலையிலிருந்து வந்தவர்களில் யாரும் இதைக் கேட்கவில்லை என்றார். அவர்கள் எல்லோரும் என்ன நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்டார்களாம்.

நன்னூலின் பாயிரத்தில் ‘நூல்’ என்ற பெயருக்கு விளக்கம் வரும் இடத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: மரத்தின் கோட்டத்தைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோட்டத்தை ஏட்டுநூல் தீர்க்கும் என்பது கருத்து. கோட்டம், நூல் என்ற இரு சொற்களும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. அப்பா நன்னூல் படித்தவர் அல்லர், எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் அவர் கையில் அவ்வுவமையின் முற்பாதி உயிரோடிருக்கிறது. என் கையில் இருப்பது பிற்பாதி மட்டும்.

இந்த இடத்தில் நான் என் இயலின் முடிவுரையை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீன்யாக்காரரும் துணைக்கு வந்தார். நீங்களும் பில்டர்தான் என்றார் அப்பாவிடம், பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக. நான் எதிர்பார்த்திருந்த வாக்கியம், நான் தூண்டாமலே வந்தது.

அப்பா தலையை அசைத்தார். “இல்லைங்க. நான் கழட்டிப் பூட்டறவன். இது வேற. இந்த வாய் அறுத்திருக்கிற மாதிரி எனக்கு அறுக்க வராது. கோட்டம் இருந்தா சொல்லுவேன். இல்லாததை உண்டாக்க எனக்குத் தெரியாது.”

பணிவினால் சொன்னாரா என்று முதலில் ஐயுற்றேன். இல்லை. கூலிக்காரர்களுக்கே உரிய துல்லியத்தோடு தம் வேலையின் எல்லையைச் சொன்னார். கட்டுதல் வேறு, பூட்டுதல் வேறு. கரூரிலும் நாமக்கல்லிலும் பேருந்துக்கும் லாரிக்கும் ‘பாடி கட்டுகிறவர்கள்’ இருக்கிறார்கள். அந்தக் ‘கட்டு’ என்ற வினைதான் ‘பில்டர்’ என்பதற்குத் தமிழில் பொருந்துவது. அப்பாவின் வினை பூட்டு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி அவருக்குப் பட்டம் சூட்ட முனைந்தவள் நான்தான். தொழிலாளரின் சொல் வேறுபாடுகளை மதிக்க வேண்டும் என்று 40 பக்கம் எழுதியவள், எனக்கு வேண்டிய முடிவுக்காக அவருடைய வேறுபாட்டையே அழிக்கப் பார்த்திருக்கிறேன். ‘மெக்கானிக்’ என்ற பெயர் சிறுமை, ‘ஆக்குநர்’ என்ற பெயர் பெருமை என்ற படிநிலையை நான் எங்கிருந்து பெற்றேன்? நிச்சயமாக அந்தத் தகரக் கொட்டகையிலிருந்து அல்ல.

வெளியேறுவதற்குமுன் இன்னொன்று நடந்தது. ஒரு மூலையில் வருகையாளரின் உடலை அளந்து, அவருக்குப் பொருந்தும் வண்டியின் அளவுகளைச் சொல்லும் ஏற்பாடு. என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அளந்த பெண், உங்களுக்குச் சட்டத்தைவிட முக்கியமானது கிராங்க் என்றார்: பெடலைத் தாங்கும் அந்தக் கை. கடை வண்டிகளில் அது உயரமானவர்களுக்கான நீளத்திலேயே வரும். குட்டையானவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், நாளடைவில் வலிக்கும். குட்டை கிராங்க் போட வேண்டும், யாரும் கவனிப்பதில்லை என்றார். அவர் சொன்ன வண்டியின் விலை என் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகையைத் தாண்டியது. சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

“உன் ஸ்கூல் சைக்கிள்ல அதானே மாத்திவிட்டேன்” என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது, 2012-இல், எனக்கும் கிடைத்தது. வண்டிகள் முழுதாக வருவதில்லை. பாகங்களாகப் பள்ளித் திடலில் வந்து இறங்கும். உள்ளூர் மெக்கானிக்குகளை வைத்துப் பூட்டுவார்கள், வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. அவ்வாண்டு எங்கள் பள்ளியில் பூட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் அங்கே உட்கார்ந்திருந்ததைத் தோழியர் பார்த்துவிடக் கூடாதே என்று நான் ஒரு வாரம் பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போனதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பதிவை அவர் படிக்கமாட்டார். தம்பி படித்துக் காட்டக்கூடும்.

வண்டி வீட்டுக்கு வந்த சில நாட்களில், நான் மிதிப்பதைக் கடையிலிருந்து பார்த்தாராம். முட்டி வயிற்றில் இடித்ததாம். இரவில் கிராங்கையும் பல்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, உடைந்த சிறுவர் வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததைப் பூட்டியிருக்கிறார். பல்சக்கரமும் சிறியது என்பதால் மேட்டில் மிதிக்க இலேசாகவும் இருந்திருக்கும். இரண்டு ஆண்டுகள், போக வர நாளுக்கு 14 கிலோமீட்டர், அந்த வண்டியில்தான் போனேன். பன்னிரண்டாம் வகுப்பின் சிறப்பு வகுப்புகள் முடிந்து இருட்டில் திரும்பிய நாட்களிலும் கால் வலித்ததாக நினைவில்லை. எனக்கு இளமை, அதனால் வலிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

“ஏம்பா சொல்லல?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? மத்த பிள்ளைங்களுக்கும் இடிச்சிருக்கும். கையில ஒரு செட்டுதான் இருந்துச்சு.”

திரும்பும்போது அவர் பேசியதெல்லாம் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். சூட்டுக்கு இழுத்ததை எப்படி நேராக்குவார்கள், பலமாக நெம்பினால் பித்தளை விரிசல் விடாதா, அடுத்த முறை அந்தப் பையனைக் கேட்டுச் சொல் என்றார். சாட்டிலைட் பேருந்து நிலையத்தில் தருமபுரி வண்டிக்குக் காத்திருந்தபோது சட்டைப் பையில் கைவிட்டவர், கண்காட்சியின் நூலைக் கண்டெடுத்தார். அவிழ்த்ததைத் திருப்பித் தர மறந்திருக்கிறார். அதைக் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் தந்தார். பீன்யா எனக்கு வெகுதூரம், இருப்பினும் வரும் சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். அந்தக் கிராங்கின் நீளம் என்ன என்று தம்பியை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வண்டி வீட்டுப் பின்கட்டில் இன்னும் நிற்கிறது.